திரு மாஸ்டர் நன்றி கூறி மறுத்துவிட்டார்

1

"விடயம் ஐந்து: ஆண்கள் அணிக்குப் புதிய பயிற்றுநர். திரு மாஸ்டரிடம் கேட்கப்பட்டது. திரு மாஸ்டர் நன்றி கூறி மறுத்துவிட்டார். நிர்வாகம் வேறொருவரைத் தேடும்."

டென்மார்க்கில் இக்காஸ்டுக்கும் விபோர்க்குக்கும் இடையில் இருக்கிற எங்கள் சிற்றூரின் கூடைப்பந்தாட்டக் கழகம் 1988 ஏப்ரலில் நடத்திய ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் அறிக்கையில் இப்படி இருக்கிறது. கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததாக என் குறிப்பு சொல்கிறது. அறிக்கை புதன் என்கிறது. அறிக்கையையே ஏற்றுக்கொள்கிறேன்.

என் மகள் நிலானி போன மாதம் இதன் பிரதியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கழகத்துக்கு இது ஐம்பதாவது ஆண்டு. விழா மலர் ஒன்று போடுகிறார்கள். அவள் மலர்க் குழுவில் இருக்கிறாள். அவள் டெனிஷில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்லுவேன். இந்த ஏற்பாடு எங்கள் வீட்டில் இருபது வருடத்துக்கு மேலாகச் சண்டையில்லாமல் ஓடுகிறது.

"இந்தத் திரு மாஸ்டர் யார்?"

"மாஸ்டர் அவற்ர பேர் இல்லைப் பிள்ளை. செபஸ்தியாம்பிள்ளை. நாங்கள் மாஸ்டர், மாஸ்டர் எண்டு கூப்பிட, அவையள் அது குடும்பப் பேர் எண்டு நினைச்சிட்டினம்."

"சரி. அவரிடம் கேட்டார்கள், அவர் வேண்டாம் என்றார். 1988ஆம் ஆண்டுப் பக்கத்துக்கு அந்த ஒரு வரி போதும்."

"அவர் வேண்டாமெண்டு சொல்லேல்லை."

அவள் தாளில் விரலை வைத்தாள். "இங்கே எழுதியிருக்கிறதே."

"சொன்னவர்தான். ஆனா சொல்லேல்லை."

நிலானி விபோர்க் ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவர். முழங்கால் வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே நொண்டுகிறவர்களைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

அவளுக்கு அன்றைக்கு முழுதாக விளக்க முடியவில்லை. ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்குப் பாதி விளக்கமே போதும் என்று நினைக்கிறேன்.

2

மாஸ்டர் குருநகர் ஆள். யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் காலையில் கணிதமும் பின்னேரத்தில் கூடைப்பந்தாட்டமும் படிப்பித்தவர். அந்தக் கல்லூரிக்குப் பயிற்றுநராக வந்த கதையைத் தொழிற்சாலை இடைவேளைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அதிபராக இருந்த பாதிரியார் கூப்பிட்டுக் கேட்டார். "என்னிலும் திறமான ஆக்கள் இருக்கினம் ஃபாதர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பிறகு பழைய மாணவர் சங்கத்தார் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அதே பதிலைச் சொன்னார். மூன்றாவது தடவை பாதிரியாரே படலையடியில் வந்து நின்றார். அன்றைக்குத்தான் ஓம் என்றார்.

"முதல் தரமே ஓமெண்டா, உவன் இதுக்காகத்தான் காத்துக்கொண்டு இருந்தவன் எண்டெல்லோ சனம் சொல்லும்," என்பது அவர் விளக்கம். அதற்காகவே அவர் மூன்று வருடம் காத்துக்கொண்டிருந்தார் என்பதையும் அவரே சொல்லுவார்.

1985 கடைசியில் டென்மார்க்குக்கு வந்தார். மனைவி றீற்றாவும் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். 1987 கோடையில் அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அதே ஆண்டு செப்டெம்பரில் நீதி அமைச்சில், இலங்கைத் தமிழரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கும்படி சொல்லப்பட்டது. ஊரில் சமாதானம் வந்துவிட்டது, ஆட்கள் திரும்பிப் போகலாம் என்பது எண்ணம். பின்னாளில் இங்கே 'தமிழர் விவகாரம்' என்று பெயர் பெற்றது இதுதான். அன்றைக்கு எங்களுக்கு எதுவும் தெரியாது. என் விண்ணப்பமும் அதே குவியலில் இருந்தது.

மாஸ்டர் ஒவ்வொரு மாதமும் பொலிஸ் நிலையத்தின் வெளிநாட்டவர் பிரிவுக்குப் போவார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையானவர். கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பரிசீலனையில் இருக்கிறது," என்பார். மாஸ்டர் ஒரு புன்சிரிப்போடு நன்றி சொல்லிவிட்டு வருவார். நானும் கூடப் போயிருக்கிறேன். இக்காஸ்ட் சாயத் தொழிற்சாலையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேலை. ஈரத் துணி வண்டிகளைச் சாயத் தொட்டியடியில் இருந்து உலர்த்துகிற இடத்துக்குத் தள்ளுவது.

"இல்லையெண்டு சொல்லேல்லைத்தானே," என்பார் திரும்பி வரும்போது. "கோப்பு ஏதோ ஒரு காரணத்துக்குக் காத்துக்கொண்டு நிக்குது. நாங்கள் அந்தக் காரணத்தைக் குடுக்கவேணும்."

3

கைப்பந்தாட்டம் இக்காஸ்ட்காரருடையது. எங்கள் ஊருக்கு என்று இருந்தது கூடைப்பந்தாட்டம் மட்டும். ஒரு தேவாலயம், ஒரு சேமிப்பு வங்கி, ஒரு பேக்கரி, ஒரு விளையாட்டு மண்டபம். மண்டபத்தை எல்லோரும் ஹால் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இடம் கிடைக்கும், ஹாலில் கிடைக்காது.

கழகத் தலைவர் பென்ட், பேக்கரிக்காரர். அணி தோற்றால் திங்கட்கிழமை காலையில் பாண் வாங்க வருகிறவர்கள் காசை மேசையில் வைக்க முன்னர் அவரிடம் கணக்குக் கேட்பார்கள். ஏன் அந்த உயரமானவனை வெளியே இருத்தினீர்கள்? ஏன் கடைசி ஐந்து நிமிடம் ஓடாமல் நின்றார்கள்? வெற்றிபெற்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், கேக்குக் கூடுதலாக விற்கும். பயிற்றுநர் யார் என்பது அந்தக் கடையில் எல்லோருக்கும் அபிப்பிராயம் இருந்த ஒரு விடயம். பல் இல்லாத கிழவர்கூட எதிரணியைத் தடுப்பது எப்படி என்று சொல்லுவார்.

நாங்கள் ஹாலுக்குள் போனதற்குக் காரணம் குளிர். பிறகு பழகிவிட்டது. எங்களோடு தேவன் என்று ஒருவன், மாஸ்டரோடு ஒரே வீட்டில் இருந்தவன், வாய் ஓயாதவன். டெனிஷ் ஆதரவாளர்கள் ஒரு பெரிய மேளத்தை அடிப்பார்கள், தம்... தம்... என்று, செத்த வீட்டுக்கு அடிக்கிற மாதிரி. தேவனால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் இடைவேளையில் போய் மேளத்தைக் கேட்டு வாங்கி, எங்கள் கல்லூரிப் பெரிய ஆட்டங்களுக்கு அடிக்கிற தாளத்தை அடித்தான். ஹால் எழுந்து நின்றது. அன்றிலிருந்து முதல் பாதி அவர்கள் தாளம், இரண்டாம் பாதி எங்கள் தாளம் என்று ஆகிவிட்டது.

1988 சனவரியில் பயிற்றுநருக்குக் கொப்பன்ஹேகனில் வேலை கிடைத்தது. பருவத்தின் நடுவில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. ஒரு திங்கட்கிழமை ஆட்டக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஹாலில் நின்றார்கள். மாஸ்டர் மேல்சட்டையைக் கழற்றி வாங்கில் வைத்துவிட்டுப் போய்ப் பந்தை எடுத்தார். ஆங்கிலமும் கையும்தான் மொழி. யாரும் அவரைக் கேட்கவில்லை, அதனால் அவருக்கு மறுக்கவேண்டியும் வரவில்லை.

மார்ச் முடிவில் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பியது. கடைசி ஆட்டத்தில் ஹால் முழுக்க "மாஸ்டர், மாஸ்டர்" என்று கத்தியது. அந்த இரவு காரில் வரும்போது மாஸ்டர் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

"பொதுக்கூட்டத்தில புதுக் கோச்சைப் போடுவினமாம். பென்ட் என்னைப் பாத்துச் சிரிச்சவர்."

"நீங்கள்தான் மாஸ்டர். வேற ஆர்?" என்றான் தேவன்.

"போட்டா பேப்பரில வரும். அதை வெட்டிக்கொண்டு போய்ப் பொலிசில குடுக்கலாம். இந்த ஊருக்குத் தேவையான ஆள் எண்டு ஒரு கடதாசி. றீற்றாவின்ர கோப்புக்கு உதவும்."

4

கூட்டம் ஹாலின் சிற்றுண்டிச்சாலையில் நடந்தது. இந்த நாட்டில் நான்கு பேர் சேர்ந்து சீட்டு விளையாடினாலும் அதற்கு ஒரு தலைவர், ஒரு பொருளாளர், ஒரு யாப்பு, வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம் இருக்கும். முதலில் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடினார்கள். நாங்களும் உதட்டை அசைத்தோம். சந்தா கட்டிய அங்கத்தவர்களாகத் தமிழர் ஒரு வரிசை நிறைய இருந்தோம். மாஸ்டர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அந்த அறையில் கழுத்துப்பட்டி கட்டியிருந்தவர் அவர் மட்டும்.

ஐந்தாவது விடயம் வந்தது. பென்ட் எழுந்து, மாஸ்டர் செய்த உதவியைச் சொன்னார். கைதட்டினார்கள். பிறகு ஆங்கிலத்தில், மாஸ்டரைப் பார்த்து, அடுத்த பருவத்துக்கு எங்கள் பயிற்றுநராக இருப்பீர்களா என்று கேட்டார்.

மாஸ்டர் எழுந்தார். கையை நெஞ்சில் வைத்தார். "நன்றி. ஆனால் என்னைவிடத் திறமையானவர்கள் பலர் இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களில் ஒருவரைக் கேளுங்கள்," என்றார் நல்ல ஆங்கிலத்தில்.

எங்கள் வரிசையில் எல்லோரும் திருப்தியாகத் தலையாட்டினோம். அழகாகச் சொன்னார். பென்டும் தலையாட்டினார். "நேர்மையான பதிலுக்கு நன்றி," என்றார். மறுபடியும் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம். மாஸ்டரை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்தோம்.

பென்ட் அடுத்த தாளைப் புரட்டினார். ஆறாவது விடயம், குளிக்கும் அறையின் சுடுதண்ணீர்.

"இப்ப திரும்பக் கேப்பாங்கள்," என்றான் தேவன் என் காதுக்குள்.

"பொறு."

ஏழாவது விடயம், சிறுவர் அணியின் சட்டை. நிறத்தைப் பற்றி நீண்ட விவாதம். மாஸ்டர் நிமிர்ந்தே இருந்தார்.

கடைசி விடயத்துக்கு 'ஈவெண்டுவெல்ட்' என்று பெயர். பல்வகை என்று வைத்துக்கொள்ளலாம். தேவன் கையை உயர்த்தி, தனக்குத் தெரிந்த டெனிஷில், கோச் விடயம் என்ன மாதிரி என்று கேட்டான். கூட்டத்தை நடத்தியவர் பொறுமையாக விளக்கினார். இந்த விடயத்தின் கீழ் எதையும் பேசலாம், எதையும் தீர்மானிக்க முடியாது.

தேவன் இருந்துகொண்டான். "தீர்மானிக்கேலாதெண்டா பிறகென்ன கோதாரிக்குப் பேசிறது?"

"மெல்லக் கதை. கோப்பி குடிக்கேக்க கேப்பினம்," என்றார் மாஸ்டர்.

அது நியாயமான கணக்குத்தான். எங்களூரிலும் கூட்டத்தில் கேட்பது சபைக்கு, தேத்தண்ணியோடு கேட்பது ஆளுக்கு.

5

பென்டின் மனைவி கியர்ஸ்டன் கோப்பி ஊற்றினார். கடையில் இருந்து அடுக்குக் கேக் வந்திருந்தது. பென்ட் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேராக மாஸ்டருக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். நாங்கள் எல்லோரும் காது கொடுத்தோம்.

பென்ட் மழையைப் பற்றிக் கதைத்தார். புளித்த மாவைப் பற்றிக் கதைத்தார். உங்கள் ஊரில் அரிசியில் பாண் செய்வார்களா என்று கேட்டார். மாஸ்டர் அப்பத்தை விளக்கினார். பிறகு பென்ட் கோப்பையை வைத்துவிட்டு, அவருடைய தோளில் கை வைத்தார்.

"நீங்கள் சொன்ன பதிலை நான் மதிக்கிறேன். எங்கள் ஆட்களில் பலர் முடியாததையும் முடியும் என்று சொல்லிவிடுவார்கள்."

மாஸ்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பொலிஸ் நிலையக் கண்ணாடிக்கு முன்னால்தான் அதற்கு முன்னர் கண்டிருந்தேன்.

கலியாண வீட்டுப் பந்தியில் ஒருவர் "காணும், காணும்" என்று இலைக்கு மேல் கையை வைத்தவுடன் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போகிற பரிமாறுகிறவனை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். கண்டிருந்தால் அந்தக் கலியாணத்தைப் பற்றி இன்றைக்கும் கதைத்துக்கொண்டிருப்பீர்கள். கைக்குக் கீழே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்துத்தான் நாங்கள் கறி விடுவோம்.

டெனிஷ்காரர் பக்கமும் சொல்லவேண்டும். ஒருவர் வேண்டாம் என்ற பிறகு மறுபடி கேட்டால், அவருடைய சொல்லை நீங்கள் நம்பவில்லை என்று ஆகிவிடும். நிலானி ஏழு வயதில் ஒரு பள்ளித் தோழியைச் சாப்பிடக் கூட்டிவந்தாள். அந்தப் பிள்ளை "வேண்டாம், நன்றி" என்றது. என் மனைவி ஒரு கரண்டி சோறு போட்டார். "வேண்டாம், நன்றி." இன்னொரு கரண்டி. மூன்றாவது கரண்டியில் பிள்ளை அழத் தொடங்கிவிட்டது. நிலானி தாயைப் பார்த்து டெனிஷில் கத்தினாள்: "அவள்தான் சொல்லிவிட்டாளே!" எங்கள் வீட்டுக்குள் டெனிஷ் கோபத்தோடு வந்த முதல் நாள் அது.

6

திரும்பி வரும்போது காரில் தேவன்தான் தொடங்கினான்.

"என்ன மாஸ்டர் உது? ஓமெண்டிருக்கலாமே."

"எப்பிடியடா முதல் தரமே ஓமெண்ணிறது? அவ்வளவு சனத்துக்கு முன்னால?"

"இவங்களிட்ட இரண்டாந் தரம் இல்லை மாஸ்டர்."

"இரண்டாந் தரம் இல்லாத மனிசர் உலகத்தில இல்லை."

"நான் காலமை பேக்கரிக்குப் போறன். மாஸ்டருக்கு விருப்பம், மரியாதைக்குச் சொன்னவர் எண்டு பென்டிட்டச் சொல்லுறன். ஒரு பாணும் வாங்கினமாதிரிப் போகும்."

"சொன்னியெண்டா உன்ர காரில பிறகு ஏறமாட்டன். கேட்டு வாங்கினா அது பதவியே? பிச்சை."

"அப்ப றீற்றாக்கா?"

மாஸ்டர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது. வீட்டு வாசலில் இறங்கும்போது, "கேப்பாங்கள்," என்றார்.

மே மாதத்தில் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. ஓர்ஹூஸ் நகரில் விளையாடிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கர் புதிய பயிற்றுநர். செய்தியின்படி, கேட்டவுடனே சம்மதித்தாராம்.

அமெரிக்கர் கெட்டவர் அல்லர். பேக்கரியில் முறைப்பாடுகள் வழமையான அளவில் இருந்தன. இலையுதிர் காலத்தின் முதல் ஆட்டத்துக்கு நாங்கள் போனோம், மாஸ்டர் வரவில்லை. இரண்டாம் பாதி தொடங்கியது. மேளக்காரர், சிவந்த முகமுள்ள பெரிய மனிதர், வழமைபோல மேளத்தைத் தூக்கிக்கொண்டு தேவனிடம் வந்தார். தேவன் கையைக் கட்டிக்கொண்டு, "வேண்டாம், நன்றி," என்றான். இன்னும் ஒரு தரம் கேட்டால் வாங்கிவிடுவான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேளக்காரர் தலையாட்டினார், மேளத்தைத் தூக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். அந்த ஆட்டம் முழுக்க அவர்கள் தாளம்தான். தேவன் அவ்வளவு கோபப்பட்டு நான் கண்டதில்லை. மாஸ்டருக்கு என்ன நடந்தது என்று தனக்கு அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது என்று பிறகு சொன்னான்.

7

1989 தொடக்கத்தில் கோப்புகள் அசையத் தொடங்கின. றீற்றாவும் பிள்ளைகளும் அந்த ஆண்டுக் கடைசியில் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் இளையவன் மாஸ்டரை "அங்கிள்" என்று கூப்பிட்டான். றீற்றா அவனைத் திருத்தினார். மாஸ்டர், "விடும், பழகட்டும்," என்றார்.

1993 சனவரியில் தமிழர் விவகாரம் பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்தது. பிரதமர் பதவி விலகினார். நான் அந்தக் கனத்த தொகுதிகளை நூலகத்தில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அகராதியோடு, ஒரு குளிர்காலம் முழுக்க வாசித்தேன். என் விளக்கத்தில் அதன் சாரம் இது: எங்கள் விண்ணப்பங்களை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் காரணம் எழுதியிருக்கவேண்டும், நாங்களும் மேன்முறையீடு செய்திருக்கலாம். அதனால் எதுவும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். ஒரு பேக்கரிக்காரர் வேண்டாம் என்பதை வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிற நாட்டில், ஓர் அமைச்சு ஒன்றரை வருடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் தவிர்த்தது. நாங்களும் எங்கள் வழக்கப்படி, இல்லையென்று சொல்லாதவரைக்கும் இடைவெளி இருக்கிறது என்று நம்பிக்கொண்டு மாதாமாதம் போய் நின்றோம்.

வாசித்து முடித்ததும் மாஸ்டரிடம் போனேன். நீங்கள் பயிற்றுநராக இருந்திருந்தாலும் றீற்றாவின் கோப்பு ஒரு நாள்கூட முன்னதாக நகர்ந்திருக்காது, அறிக்கையில் தெளிவாக இருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணினேன்.

அவர் திருப்பிக் கேட்டார்.

"கோப்புக்காக மட்டும் ஆசைப்பட்டனான் எண்டே நீர் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனீர்?"

அதற்குப் பிறகு அவர் எந்த அணிக்கும் பயிற்சி கொடுக்கவில்லை. தொழிற்சாலை மூடும்வரை வேலை செய்தார். பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்தார்கள். இரண்டு பேரும் கைப்பந்தாட்டம் விளையாடினார்கள்.

8

விழா மலருக்காக அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். இளையவனோடு விபோர்க்கில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், நினைவு நன்றாக இருக்கிறது.

"என்ன போடுறது மாஸ்டர்? மறுத்தவர் எண்டு எழுதப் போயினம்."

"ஒருக்காத்தான் கேட்டவங்கள் எண்டு போடும்."

"அப்பிடிப் போட்டா அவையளுக்கு விளங்காது."

"விளங்கிறவைக்கு விளங்கும். மனமிருந்தா இன்னொருக்கா கேட்டிருப்பாங்கள். அவங்கள் ஒப்புக்குக் கேட்டவங்கள், நான் அவங்களுக்கு வசதியாப் பதில் சொன்னனான். அவ்வளவுதான் விசயம். கோவமில்லை." பிறகு, "நிலானி சுகமே? தமிழ் கதைக்கிறாளே?" என்றார். நான் ஓம் என்றேன், ஒரே தரத்தில்.

நிலானி அந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டாள். "1988: செபஸ்தியாம்பிள்ளை அவர்களிடம் ஒரு தடவை கேட்கப்பட்டது." டெனிஷில் அது விசித்திரமாக இருக்கிறது என்றாள். இருக்கட்டும் என்றேன். பெயராவது சரியாக வருகிறது.

போன கிழமை அவள் பழைய படங்கள் கேட்டு கியர்ஸ்டனைப் பார்க்கப் போனாள். பென்ட் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. கியர்ஸ்டன் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நிலானி அந்த வரியை வாசித்துக் காட்டியிருக்கிறாள். கியர்ஸ்டன் இல்லை என்று தலையாட்டினாராம். இரண்டு தடவை என்றாராம்.

அவர் சொன்னதை நிலானி எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கியர்ஸ்டன் கணவரிடம், அந்த மனிதருடைய முகம் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றிருக்கிறார். பென்ட் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர் சொன்னதற்கு மேல் போய் நாங்கள் முகத்தை வாசிக்கக்கூடாது என்றாராம். ஆனாலும் இரண்டு நாள் கழித்து, கடை வேலை முடிந்த முற்பகலில், பாண் வண்டியில் மாஸ்டர் வீட்டுக்குப் போனாராம். ஒரு தமிழ் இளைஞன் கதவைத் திறந்தானாம். மாஸ்டர் இரவு வேலை முடிந்து நித்திரை, எழுப்பட்டுமா என்று கேட்டானாம். வேண்டாம், தூங்கட்டும் என்று பென்ட் சொன்னாராம். இளைஞன் சரி என்று கதவைச் சாத்திவிட்டானாம். தான் வந்து போனது தெரிந்தால் மாஸ்டரே வருவார் என்று பென்ட் இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருந்தாராம். வரவில்லை. பிறகுதான் ஓர்ஹூஸில் இருந்த அமெரிக்கருக்குத் தொலைபேசி எடுத்தாராம்.

நான் சரிபார்க்கக்கூடியதைச் சரிபார்த்தேன். அந்தக் கிழமை மாஸ்டருக்கு இரவு முறைதான், என் குறிப்பில் இருக்கிறது. அது பொருந்துகிறது. அந்த வீட்டில் அவரோடு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் தேவன். "நானோ? எழுப்பாமல் விடுவனே? பென்டை இழுத்துக்கொண்டுவந்து இருத்தித் தேத்தண்ணி குடுத்திருப்பன்," என்கிறான். மற்றவர் மன்னாரைச் சேர்ந்த ஜோர்ச், இப்போது ரொறன்ரோவில். "அண்ணை, முப்பத்தஞ்சு வரியத்துக்கு முதல் ஆருக்குக் கதவு திறந்தனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? வந்தவர் வேண்டாமெண்டா நாங்கள் விட்டுடுவமே? எங்கட ஆக்கள் ஆரும் அப்பிடிச் செய்யமாட்டினம்," என்றார். திறந்தவனுக்கு மீசை இருந்தது என்று கியர்ஸ்டன் சொல்கிறார். 1988இல் எங்கள் எல்லோருக்கும் மீசை இருந்தது.

உண்மையாக இருந்தால், எங்கள் ஆட்களில் ஒருவன் இந்த நாட்டில் ஒரு 'வேண்டாம்' என்பதைச் சொன்னபடியே ஏற்றுக்கொண்டது அந்த வாசலில்தான் முதல் தடவையாக இருக்கும்.

கியர்ஸ்டனுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. சில விடயங்களில் ஆண்டுகளை மாற்றிச் சொல்கிறார் என்று இல்லத்தில் சொன்னார்கள். பென்ட் இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. மலர் அச்சுக்குப் போக இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. ஒரு தடவையா, இரண்டு தடவையா என்று நிலானி ஒவ்வொரு மாலையும் கேட்கிறாள். மாஸ்டருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. பென்ட் அந்த வீட்டுக்குப் போனார் என்பதற்கு ஒரு முதியவரின் ஞாபகத்தைத் தவிர வேறு சான்று என்னிடம் இல்லை. கதவைத் திறந்தது யார் என்பதும் தெரியவில்லை. இது உறுதிப்படுத்தப்படாத தகவல்.